தஞ்சோங் பகாரில் 2.4 மில்லியன் வெள்ளிக்கு ஒரு கூட்டுரிமை வீடு: வாங்கலாமா?

செம்பவாங்வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள், இருவருக்கும் வயது 42. செம்பவாங்கில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். விற்பதற்கு முன் கட்டாயம் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டது. கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. மாமியார் எங்களுடன் இருக்கிறார், மகன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான்.

தஞ்சோங் பகாரில் மறுவிற்பனைக்கு வந்த ஒரு கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீட்டைப் பார்த்தோம். முப்பதாவது மாடிக்கு மேல், இரண்டு படுக்கையறை, ஒரு படிப்பறை, 947 சதுர அடி. 99 ஆண்டுக் குத்தகை 2008 இல் தொடங்கியிருக்கிறது. கேட்கும் விலை 2.4 மில்லியன் வெள்ளி, மாதப் பராமரிப்புக் கட்டணம் 620. பளிங்குத் தரை, கூரைத் தோட்டம், ஐம்பது மீட்டர் நீச்சல் குளம் என்று விளம்பரத்தில் என்னென்னவோ இருந்தது. என் மனத்தில் நின்றது வரவேற்பறைச் சன்னல்தான். கீழே வரிவரியாக ஓட்டுக் கூரைகள், கடைவீடுகள், அதற்கு அப்பால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தின் நுனி.

கணவருக்கு ஷெண்டன் வேயில் வேலை, நடந்தே போய்விடலாம். விலை நியாயமா, இந்தப் பகுதியில் வாங்குவோர் எதைக் கவனிக்க வேண்டும், குத்தகை கரைவதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை

தயங்காமல் வாங்குங்கள் அக்கா. நகர மையத்தில், அதுவும் பழமை காக்கப்பட்ட வட்டாரத்தின் நடுவில் இப்படி ஓர் இடம் அடிக்கடி விற்பனைக்கு வராது. மேக்ஸ்வெல் எம்ஆர்டி ரயில் நிலையம் 2022 இல் திறந்துவிட்டது. துறைமுகம் 2027 க்குள் துவாசுக்கு மாறுகிறது. அந்த நிலம் முழுவதும் மாபெரும் தென் நீர்முகப்பாக மாறும்போது விலை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீவக வீட்டையும் விற்காதீர்கள், வாடகைக்கு விடலாம். இரண்டாவது வீட்டுக்குக் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வையைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஒருவர் பெயரில் வாங்கிவிட்டு, பிறகு ஒரு விழுக்காட்டுப் பங்கை மட்டும் மற்றவர் பெயருக்கு மாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கணக்கர்

//வழி இருக்கிறது//

தம்பி, இதைப் பொதுவெளியில் யோசனையாகச் சொல்லாதீர்கள். முதலில், அந்தப் பங்கு மாற்றம் இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இருவரும் சேர்ந்து ஒரு வீவக வீட்டுக்கு உரிமையாளர்கள். யார் பெயரில் வாங்கினாலும் அது அவருக்கு இரண்டாவது வீடு. இரண்டாவது, அப்படி 99-க்கு-1 என்று பிரித்த பரிவர்த்தனைகளை உள்நாட்டு வருவாய் ஆணையம் 2023 முதல் தோண்டி எடுத்து வருகிறது. வரியைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு என்று முடிவு செய்தால், கட்டாமல் விட்ட தீர்வையுடன் அதில் 50 விழுக்காட்டைக் கூடுதலாகவும் வசூலிக்கும். யாரோ ஒரு முகவர் சொன்னார் என்பது அங்கே பதிலாகாது.

சகோதரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

வாங்குவோர் முத்திரைத் தீர்வை எல்லாருக்கும் உண்டு. 2.4 மில்லியனுக்கு 89,600 வெள்ளி வரும். இதற்கு மேல், இரண்டாவது வீடு வாங்கும் குடிமக்களுக்கு 2023 ஏப்ரல் முதல் 20 விழுக்காடு கூடுதல் தீர்வை. அதாவது 480,000 வெள்ளி. வெளிநாட்டவருக்கு இதுவே 60 விழுக்காடு.

திருமணமான தம்பதியரில் ஒருவராவது குடிமகனாக இருந்து, இருவர் பெயரிலும் வாங்கி, முதல் வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றுவிட்டால் அந்த 480,000 திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் கட்டித்தான் ஆக வேண்டும், அதுவும் ஒப்பந்தம் உறுதியான 14 நாளுக்குள். அவ்வளவு பணத்தை யார் சும்மா வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வீவக வீட்டின் கடன் நிற்கும்போதே இரண்டாவது வீட்டுக் கடன் கேட்டால் வங்கி விலையில் 45 விழுக்காடு வரைதான் தரும். 25 விழுக்காட்டை ரொக்கமாகவே காட்ட வேண்டும். முதல் கடனை அடைத்துவிட்டு வந்தால் 75 விழுக்காடு வரை கடன், ரொக்கம் 5 விழுக்காடு போதும்; மீதியை மத்திய சேம நிதியிலிருந்து (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) எடுக்கலாம். எனவே முதலில் விற்பது, பிறகு வாங்குவது. இடையில் சில மாதங்கள் வாடகை வீட்டில் இருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

75 விழுக்காடு என்றால் 1.8 மில்லியன் கடன். 65 வயதுக்குள் முடியும்படி 23 ஆண்டு என்று வைத்து, வங்கிகள் சோதனைக்கு எடுக்கும் 4 விழுக்காட்டு வட்டியில் கணக்குப் போட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 9,985 வெள்ளி. எல்லாக் கடன்களும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆக, வேறு கடனே இல்லாவிட்டாலும் குடும்ப மாத வருமானம் சுமார் 18,150 வெள்ளி வேண்டும். கார்க் கடன் இருந்தால் இன்னும் கூடும்.

ஊரில் வீடு, மனை இருந்தால் பயப்பட வேண்டாம். கூடுதல் தீர்வைக்குச் சிங்கப்பூரில் உள்ள குடியிருப்புச் சொத்துகளை மட்டுமே எண்ணுவார்கள்.

தெலுக்காயர்

அம்மா, நான் அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். பணக் கணக்கை மற்றவர்கள் சொல்லட்டும், நான் தெருவைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே வாங்குகிறவர்கள் உண்மையில் விலை கொடுப்பது தெருவுக்குத்தான். நீச்சல் குளமும் பளிங்கும் பொங்கோலிலும் கிடைக்கும்.

தெலுக் ஆயர் சாலையில் இன்று நின்றால் நாலா பக்கமும் அலுவலகக் கோபுரங்கள்தான் தெரியும். அந்தச் சாலைதான் ஒரு காலத்தில் கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரை கப்பலில் வந்தவர்கள் அங்கேதான் கரையேறினார்கள். பிழைத்து வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லச் சீனர்களுக்குத் தியான் ஹொக் கெங், நம்மவர்களுக்கு நாகூர் தர்கா, அல் அப்ரார் பள்ளிவாசல் என்று ஒரே வரிசையில் எழுந்தன. நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போனால் 1827 இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில். அதற்குச் சில அடி தள்ளி சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல். கியோங் சைக் சாலையில் நகரத்தார் பராமரிக்கும் லயன் சித்தி விநாயகர். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன, 1970களில் அவை போய்விட்டன. அங்கே போய்த் தேடினால் ஒரு செங்கல்லும் கிடைக்காது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எஞ்சியவை தப்பியது தற்செயலாக அல்ல. 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட இடங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவித்தார்கள். சைனாடவுன் என்பதற்குள் கிரேத்தா ஆயர், தெலுக் ஆயர், புக்கிட் பாசோ, தஞ்சோங் பகார் நான்கும் அடக்கம். இந்த வரலாற்று வட்டாரங்களில் விதி மிகக் கடுமையானது. முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இடித்துக்கொள்ளலாம் என்பது அங்கே நடக்காது. ஓட்டுக் கூரை, பொதுச்சுவர், மரத்தளம், வானவெளி முற்றம் எல்லாம் காக்கப்பட வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சன்னல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? கடைவீடுகளைப் பார்க்கும் சன்னலுக்கு அரசிதழே காவல். கூரைகள் அப்படியே இருக்கும். வேறு பக்கம் பார்க்கும் சன்னலுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை.

செம்பவாங்வாசி

ஐயா, உங்கள் பதிவை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய தந்தையும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர்தான். அவர் இன்னும் நிறையக் கேட்க விரும்புகிறார்.

வரவேற்பறையும் படிப்பறையும் வடக்கே, கடைவீடுகள் பக்கம். இரண்டு படுக்கையறைகளும் தெற்கே, துறைமுகம் பக்கம். இப்போது அங்கிருந்து பாரந்தூக்கிகளும் கடலும் தெரிகின்றன. முகவர் இதைத்தான் பெரிய சிறப்பாகச் சொன்னார்.

கணக்கர் அண்ணா, மிக்க நன்றி. விற்றுவிட்டுத்தான் வாங்குவோம் என்று நேற்றிரவே முடிவு செய்துவிட்டோம்.

தெலுக்காயர்

தெற்குப் பக்கத்துக் கடல் தெரிவதற்கு ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள் அம்மா. துறைமுகம் போன பிறகு அந்த நிலம் வெறுமனே கிடக்கப் போவதில்லை. வீடுகளும் அலுவலகங்களும் அங்கே பல்லாண்டுக் காலம் கட்டிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் படுக்கையறைக்கு எதிரே முதலில் அடித்தளத் தூண்களை அடித்து இறக்கும் சத்தம் வரும், அப்புறம் கோபுரம் வரும். அந்த வட்டாரம் நன்றாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1932 இல் திறந்த பழைய ரயில் நிலையத்தில் 2011 ஜூன் 30 ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்பட்டது. அந்தக் கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாக நிற்கிறது, அதன் அடியிலேயே கண்டோன்மன்ட் எம்ஆர்டி நிலையம் அமைகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கான தூசியும் சத்தமும் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மனையையும் தொட்டுப் பாருங்கள். எந்த மனைக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதம் அதில் தெரியும். கார் நிறுத்துமிடமாகவோ நான்கு மாடிப் பழைய அலுவலகமாகவோ இன்று கிடக்கும் இடத்தில் எவ்வளவு உயரம் வரலாம் என்பதை அதை வைத்து ஊகித்துவிடலாம்.

மாடிக்காற்று

நான் அந்த வட்டாரத்தில் உயரமான ஒரு கட்டடத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். பெயரைச் சொல்லவில்லை. அனுபவத்தைச் சொல்கிறேன்.

காலை நேரம் அருமையாக இருக்கும். எழுந்து மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு நடந்து போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை ஷெண்டன் வே பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்கும். ஆனால் வெள்ளி இரவு டக்ஸ்டன், கியோங் சைக் பக்கம் மதுக்கூடங்களின் இரைச்சல் நீங்கள் நினைப்பதைவிட மேலே ஏறி வரும். உயரமான மாடி என்றால் அமைதி என்று நம்பி வாங்காதீர்கள். கண்ணாடிச் சன்னலை மூடினால் சத்தம் நிற்கும், திறந்து வைத்துத் தூங்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் தொல்லை. வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை வீட்டைப் பார்க்கக் கேளுங்கள். முகவர் மறுத்தால் கீழே தெருவிலாவது நின்று கேளுங்கள்.

அடுத்தது சதுர அடி. 947 என்று பத்திரத்தில் இருக்கும். 2023 ஜூன் மாதத்துக்கு முந்தைய விதிப்படி அனுமதி பெற்ற கட்டடங்களில் குளிர்சாதன வெளிப்பெட்டி வைக்கும் மேடையும் அந்தப் பரப்புக்குள் அடங்கும். அதன் பிறகு விதி மாறி, புதிய திட்டங்களில் அது பரப்பில் சேர்வதில்லை. ஆகவே புதிய கட்டடத்தின் சதுர அடி விலையோடு உங்கள் வீட்டின் விலையை அப்படியே ஒப்பிட முடியாது. வீட்டின் தளவரைபடத்தைக் கேட்டு வாங்கி, மேடை, பால்கனி இரண்டையும் கழித்துவிட்டு, கால் வைத்து நடக்கும் இடம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். எங்கள் வீட்டை அளந்தபோது ஓர் அறை அளவுக்கு வித்தியாசம் வந்தது.

படிப்பறையில் கட்டில் போட முடியுமா, அதற்குச் சன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாமியாரும் மகனும் இருக்கிறார்கள் என்கிறீர்கள். இரண்டு படுக்கையறை உங்களுக்குப் போதாது என்று எனக்குப் படுகிறது.

மதிய வெயில் படும் முகம் என்றால் குளிர்சாதனச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச்சீமை

கணக்கர் அண்ணன் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முதலீடு என்ற கோணத்தை எல்லாரும் இவ்வளவு ஒதுக்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. குத்தகை கரைந்தாலும், கட்டடம் முழுவதையும் ஒரே நிறுவனத்துக்கு விற்கும் ஒட்டுமொத்த விற்பனை வந்துவிட்டால் எல்லாருக்கும் லாபம்தானே? பேர்ல் பேங்க் குடியிருப்பு 2018 இல் 728 மில்லியன் வெள்ளிக்குப் போகவில்லையா?

தெலுக்காயர்

போனது. எனக்கு அது லாபக் கதையாகத் தெரியவில்லை.

பேர்ல் பேங்க் 1976 இல் முடிந்த கட்டடம். ஊட்ரம் பக்கம் மேட்டின் மேல் லாட வடிவில் 38 மாடி. நாடு விடுதலையான பின் பிறந்த கட்டடக் கலையின் நல்ல அடையாளங்களில் அது ஒன்று. அதைப் பாதுகாப்புக் கட்டடமாக அறிவிக்கும்படி உரிமையாளர்களில் பலர் தாங்களாகவே முயன்றார்கள். எல்லாருடைய சம்மதமும் கிடைக்கவில்லை, நிறைவேறவில்லை. பிறகு விற்பனை, இடிப்பு, அதே இடத்தில் 774 வீடுகளுடன் இரண்டு புதிய கோபுரங்கள். 1827 இல் எழுந்த கோயிலைக் காக்கத் தெரிந்த நாம் 1976 இல் எழுந்த வீட்டைக் காக்கவில்லை. அந்த மேட்டைக் கடக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

அங்கே குடியிருந்த வயதானவர்கள் கையில் காசு வந்தது உண்மை. அதே தெருவில் அந்தக் காசுக்கு வேறு வீடு கிடைத்ததா என்பதையும் கேட்டுப் பாருங்கள் தம்பி.

கணக்கர்

ஒட்டுமொத்த விற்பனையை நம்பி வாங்கக் கூடாது என்பதற்குச் சுருக்கமான காரணங்கள் சொல்கிறேன். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும், அதுவும் பங்கு மதிப்பு (கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு), பரப்பளவு இரண்டிலும். உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே உயரம் முழுவதும் கட்டி முடித்துவிட்டார்கள் என்றால், இடித்துவிட்டு அதைவிட அதிகமாக எதைக் கட்டுவார்கள்? குறைவாகக் கட்டப்பட்ட பழைய மனையைத்தான் கட்டுமான நிறுவனங்கள் தேடும்.

குத்தகை மதிப்பைப் பார்க்க அரசாங்க நில அதிகாரிகள் பயன்படுத்தும் பாலா அட்டவணை என்று ஒன்று உண்டு. நிரந்தர உரிமை நிலத்தை 100 என்று வைத்தால் 99 ஆண்டுக் குத்தகை 96, 60 ஆண்டு மீதமிருந்தால் 80, 30 ஆண்டு மீதமிருந்தால் 60. உங்கள் வீட்டில் இப்போது எண்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. இருபது ஆண்டு குடியிருந்துவிட்டு விற்கும்போது வாங்க வருகிறவருக்கு அறுபதைச் சொச்சம்தான் மிஞ்சும். சரிவு முதலில் மெதுவாகத்தான் இருக்கும், பின்னால் வேகமெடுக்கும். சந்தை விலை இந்த அட்டவணைப்படியே நடக்காது என்றாலும் போகும் திசை இதுதான். இன்னொரு விதியும் இருக்கிறது: வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிச்சமில்லாவிட்டால் அவர் மத்திய சேம நிதியை முழு அளவில் எடுக்க முடியாது. அப்போது வாங்கக்கூடியவர்களின் வட்டமே சுருங்கும்.

ஆடம்பர வீடு என்றால் விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்பதும் மெய்யல்ல. அதே தஞ்சோங் பகார் நிலையத்தின் மேல் நிற்கும் குவோக்கோ கோபுரத்தின் உச்சியில் உள்ள வாலிச் ரெசிடன்ஸ் பெருமாளிகையை 2019 இல் ஜேம்ஸ் டைசன் 73.8 மில்லியன் வெள்ளிக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே 62 மில்லியனுக்கு விற்றார். அவரால் அந்த நட்டத்தைத் தாங்க முடியும். நம்மால் முடியாது.

குடியிருப்பதற்காக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குச் சொத்து வரியும் ஒரு காரணம். ஆண்டு மதிப்பு, அதாவது வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகை, 60,000 வெள்ளி என்று எடுத்துக்கொண்டால், சொந்தமாகக் குடியிருப்பவருக்கு 2025 விகிதப்படி 2,720 வெள்ளி வரி. அதையே வாடகைக்கு விட்டால் 10,800. அத்துடன் 2025 ஜூலைக்குப் பிறகு வாங்கும் வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பவருக்கும் முத்திரைத் தீர்வை உண்டு. முதல் ஆண்டில் 16 விழுக்காடு.

ஆவணப்பெட்டி

சொத்து மாற்றப் பத்திரங்களைக் கையாளும் வேலையில் இருக்கிறேன். இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

வாங்கும் உரிமைக்காக 1 விழுக்காடு முன்பணம் கொடுப்பதற்கு முன், குறைந்தது அதை உறுதி செய்யும் இரண்டு வாரத்துக்குள்ளாவது, கட்டட நிர்வாகக் கழகத்தின் ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் கணக்குகளையும் பார்த்துவிடுங்கள். விற்பவரின் ஒப்புதல் இருந்தால், சிறு கட்டணம் செலுத்தி அவற்றைப் பார்வையிடச் சட்டம் இடம் தருகிறது. நீண்டகாலச் செலவுக்கான நிதியில் எவ்வளவு இருக்கிறது, மின்தூக்கிகளை மாற்றும் பேச்சு இருக்கிறதா, நீர்க்கசிவு வழக்குகள் உண்டா என்பதெல்லாம் அதில் வெளிப்படும். விளம்பரக் காணொளியைவிட அந்தக் குறிப்புகள் பத்து மடங்கு உண்மை பேசும். 620 வெள்ளி இன்றைய கட்டணம். அது உங்கள் வீட்டின் பங்கு மதிப்பைப் பொறுத்தது, கூட்டத்தில் வாக்கெடுத்து உயர்த்தலாம். கூரைத் தோட்டமும் ஐம்பது மீட்டர்க் குளமும் வயதாக ஆகச் செலவு கேட்கும்.

அடுத்து, இருபது ஆண்டைத் தாண்டிய உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதி 2022 முதல் நடப்பில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் கட்டடம் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் ஆய்வு நீங்கள் குடிபோன பிறகு, உங்கள் கட்டணத்தில் நடக்கும்.

மாடிக்காற்று

ஆவணப்பெட்டி சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் கட்டடத்தில் கூட்டக் குறிப்புகளைப் படிக்காமல் வாங்கியவர்கள்தான் கட்டணம் உயர்ந்தபோது அதிர்ந்து போனார்கள்.

செம்பவாங்வாசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெருந்திட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டோம். தெற்கே, எங்கள் படுக்கையறைக்கு நேர் எதிரே உள்ள மனையில் இப்போது நிற்பதைப்போல் பல மடங்கு கட்ட அனுமதி இருக்கிறது. தெலுக்காயர் ஐயா சொன்னது அப்படியே சரி. முகவரிடம் இதைக் காட்டி, வடக்குப் பக்கத்து மதிப்புக்கு மட்டுமே பேசுவோம் என்று சொல்லிவிட்டோம். 2.25 மில்லியனுக்கு மேல் போவதில்லை என்பது கணவரின் முடிவு. அதே கட்டடத்தில் வடக்கு மட்டுமே பார்க்கும் மூன்று படுக்கையறை வீடு ஒன்று தாழ்ந்த மாடியில் விற்பனைக்கு வரக்கூடும் என்றும் தெரிய வந்தது. அதற்காகக் காத்திருக்கவும் தயார்.

ஒரே ஒரு கேள்வி. மாமியார் உயரத்தில் இருக்கத் தயங்குகிறார். பின்னாளில் அவருக்கென்று ஒரு சிறிய வீவக வீடு வாங்க நேரலாம். கூட்டுரிமை வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்க்கலாமா? அவருக்கு வயது 68, குடியுரிமை உண்டு.

கணக்கர்

சேர்க்காதீர்கள். சேர்த்தால் அவரும் தனியார் சொத்து உரிமையாளர் ஆகிவிடுவார். பிறகு வீவக வீடு வாங்க வேண்டுமானால் தன் பங்கை விட்டொழிக்க வேண்டியிருக்கும், அந்தப் பங்கை நீங்கள் வாங்கினால் அதற்கும் முத்திரைத் தீர்வை. தனியார் வீட்டை விற்றவர்கள் மானியமில்லாத மறுவிற்பனை வீவக வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் 2022 செப்டம்பர் முதல் இருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர்கள் நான்கறை அல்லது அதைவிடச் சிறிய வீடு வாங்கினால் அதில் விலக்கு உண்டு, ஆனாலும் இல்லாத சிக்கலை ஏன் உண்டாக்க வேண்டும்? பெயர் இல்லாமலேயே அவர் உங்களுடன் குடியிருக்கலாம். செம்பவாங் வீட்டில் அவர் உரிமையாளரா, குடியிருப்பவராக மட்டும் பதிவாகியிருக்கிறாரா என்பதையும் விற்பதற்கு முன் வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். உரிமையாளர் என்றால் விற்பனைப் பணத்தில் அவருடைய சேம நிதிக்குத் திரும்ப வேண்டிய தொகை எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் கையில் முன்பணத்துக்கு என்ன மிஞ்சும் என்று தெரியும்.